கட்-ஆஃப் தேதி தாண்டிப் பிறந்த குழந்தை: கிண்டர்கார்டனில் இப்போதே சேர்ப்பதா, ஒரு வருடம் பொறுப்பதா?

செப்டம்பர் 1-க்குள் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்கிறது அமெரிக்காவின் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது அந்தப் பகுதியின் அரசுப் பள்ளி நிர்வாகம். குழந்தையின் பிறந்தநாள் செப்டம்பர் 9. எட்டே நாள். அந்த எட்டு நாளுக்காக இன்னும் ஒரு வருடம் டேகேர் கட்டணம். "எல்லா எழுத்தும் தெரியுது, கூட்டல்கூடப் போடுறா, இவளை எதுக்கு நிறுத்தி வைக்கணும்?" என்று வீட்டில் பேச்சு. வீடியோ காலில் தாத்தா பாட்டியும் அதையே கேட்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர் பலர் பள்ளிப் பதிவு தொடங்கும் மாதங்களில் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள்.

அவர்களுக்கு ஐந்து வழிகள் உண்டு. எது பொருந்தும் என்பதைக் குழந்தைக்கு எவ்வளவு வாசிக்கத் தெரியும் என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. பார்க்க வேண்டியவை இரண்டு. முழு நாள் வகுப்பைக் குழந்தை தாங்குமா? இன்று கிடைக்கும் இடம் அடுத்த வருடம் முதல் வகுப்பிலும் செல்லுபடியாகுமா? முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்காமல் விட்டவர்கள்தான் பிறகு அலைகிறார்கள்.

## முதலில் உங்கள் மாநிலத்தின் விதி

நாடு முழுமைக்கும் ஒரே தேதி கிடையாது. டெக்சாஸ், கலிஃபோர்னியா, ஜார்ஜியா, இல்லினாய், மிச்சிகன் ஆகியவற்றில் செப்டம்பர் 1. வட கரோலினாவில் ஆகஸ்ட் 31, வர்ஜினியாவில் செப்டம்பர் 30. நியூஜெர்சியில் அக்டோபர் 1-க்குள் ஐந்து நிறையும் குழந்தையை டிஸ்ட்ரிக்ட் சேர்த்தே ஆக வேண்டும். அதற்குப் பிந்திய குழந்தையை எடுப்பது அந்தந்த டிஸ்ட்ரிக்ட்டின் விருப்பம். நியூயார்க் நகரில் அந்தக் காலண்டர் வருடத்துக்குள் ஐந்து ஆனால் போதும், டிசம்பர் 31 வரை இடமுண்டு. கனெக்டிகட்டில் நெடுங்காலம் ஜனவரி 1 ஆக இருந்த தேதி 2024-25 கல்வியாண்டு முதல் செப்டம்பர் 1-க்கு வந்துவிட்டது. மூத்த பிள்ளையைச் சேர்த்த நினைவில் இளையதுக்குத் திட்டம் போடும் கனெக்டிகட் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

தேதியைவிட முக்கியம், விதிவிலக்கு இருக்கிறதா என்பது. அதில் மாநிலங்கள் மூன்று விதமாகப் பிரிகின்றன.

கதவு மூடியவை: டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் உள்ளூர்க் குழந்தைக்கு நடைமுறையில் வழி இல்லை. தேர்வு எழுதி நிரூபிக்கிறேன் என்றாலும் பொதுவாக எடுபடாது.

கடிதம் போதும் என்பவை: மிச்சிகன் சட்டப்படி செப்டம்பர் 1-க்குப் பிறகு, டிசம்பர் 1-க்குள் ஐந்து ஆகும் குழந்தையைப் பெற்றோர் எழுத்து மூலம் தெரிவித்துச் சேர்க்கலாம். அறிவிப்பு ஜூன் 1-க்குள் போக வேண்டும். அதற்குப் பிறகு குடிவந்தவர்களுக்கு ஆகஸ்ட் 1. "இன்னும் ஒரு வருடம் பொறுங்கள்" என்று பள்ளி பரிந்துரைக்கலாம், முடிவு பெற்றோருடையது.

மதிப்பீடு கேட்பவை: வட கரோலினா, இல்லினாய், கனெக்டிகட் போன்றவை. இவற்றிலும் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு, கீழே வருகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

நாள் முழுக்கத் தாங்குவது. கிண்டர்கார்டன் பெரும்பாலான இடங்களில் ஆறரை மணி நேரம். மதியத் தூக்கம் கிடையாது. மதிய உணவுக்கு 20 முதல் 25 நிமிடம். அதில் வரிசையில் நிற்பதும் கை கழுவுவதும் அடக்கம். டிபன் பாக்ஸின் இறுகிய மூடியைத் திறக்க முடியாமல் வைத்துக்கொண்டு, இங்கிலீஷில் கேட்கக் கூச்சப்பட்டு, சாப்பிடாமலேயே திரும்பும் நாலரை வயதுக் குழந்தையை எந்த கேஃபடேரியாவிலும் பார்க்கலாம். பாத்ரூமுக்குத் தனியாகப் போய், பேன்ட் பட்டனைப் போட்டுக்கொண்டு வர வேண்டும். விளையாட்டில் தோற்றால் அழுது முடித்துச் சீக்கிரம் வரிசைக்குத் திரும்ப வேண்டும். கதை நேரத்தில் 10, 15 நிமிடம் தரையில் உட்கார வேண்டும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளி நேரத்தை அப்படியே வைத்துப் பாருங்கள். காலை ஆறரைக்கு எழுப்புங்கள். பகல் தூக்கம் வேண்டாம். மதியச் சாப்பாட்டை டப்பாவில் கொடுத்து டைமரில் 20 நிமிடம் வையுங்கள். யாரும் ஊட்டக் கூடாது. நம் வீடுகளில் ஐந்து வயதுவரை ஊட்டி விடும் பழக்கம் உண்டு என்பதால் இந்தச் சோதனை பலருக்குக் கண்ணைத் திறக்கும். மாலை ஐந்து மணிக்குக் குழந்தை எப்படி இருக்கிறது என்று இரண்டாம் வாரக் கடைசியில் பாருங்கள். முதல் வாரச் சோர்வைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

வகுப்பில் கடைக்குட்டி ஆவது. 60 மாதக் குழந்தைக்கு 12 மாதம் என்பது அதன் வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு. டீச்சர் ஒரு குழந்தையைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தையோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார். 2018-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு, செப்டம்பர் 1 கட்-ஆஃப் உள்ள மாநிலங்களில் ஆகஸ்டில் பிறந்தவர்களையும் செப்டம்பரில் பிறந்தவர்களையும் ஒப்பிட்டது. ஆகஸ்ட் குழந்தைகள் வகுப்பிலேயே இளையவர்கள், செப்டம்பர் குழந்தைகள் மூத்தவர்கள். ஏடிஹெச்டி (கவனச்சிதறலும் அடங்காத துறுதுறுப்பும் கொண்ட குறைபாடு) என்று முத்திரை விழுந்தது 10,000 பேருக்கு ஆகஸ்டில் 85, செப்டம்பரில் 64. அதாவது 34 சதவீதம் அதிகம். மற்ற மாநிலங்களில் இந்த ஆகஸ்ட்-செப்டம்பர் வித்தியாசம் தெரியவில்லை. மூளை அதே மூளைதான், உட்கார்ந்த வகுப்பு மாறியிருக்கிறது. முன்கூட்டியே சேரும் குழந்தை அந்த ஆகஸ்ட் குழந்தையைவிடவும் இளையது என்பதை மறக்க வேண்டாம்.

முதல் வகுப்பு உறுதியா. சில மாநிலங்களில் முதல் வகுப்புக்கும் ஆறு வயதுக் கட்-ஆஃப் தனியாக இருக்கிறது. கிண்டர்கார்டன் முடித்த குழந்தைக்கும் அது பொருந்தலாம்.

பின்வாங்க முடியுமா. சேர்த்த பிறகு கிண்டர்கார்டனையே திரும்பப் படிக்க வைப்பது, குழந்தை கண்ணுக்குத் தோல்வியாகத்தான் படும். நண்பர்கள் அடுத்த அறைக்குப் போகிறார்கள், தான் மட்டும் அதே அறையில். பொறுத்திருந்து பிறகு ஒரு வகுப்பு தாவினால் அந்தக் காயம் இல்லை.

பணம். "பப்ளிக் ஸ்கூல் ஃப்ரீ, ஒரு வருட டேகேர் மிச்சம்" என்ற கணக்கு பாதிதான் சரி. பள்ளி ஏறத்தாழ 180 நாள். வேலை நாட்கள் 260. மிச்சம் 80 நாளுக்குக் கோடை கேம்ப்போ வேறு ஏற்பாடோ வேண்டும். பள்ளி நாளிலும் மூன்று மணிக்கு மேல் ஆஃப்டர்-கேர் செலவு. இவ்வளவையும் கழித்த பிறகுதான் உண்மையான மிச்சம் தெரியும்.

## ஒரே பார்வையில்

| வழி | முழு நாள் தாங்கும் தேவை | முதல் வகுப்பு உறுதி | செலவு | பின்வாங்குவது |
|---|---|---|---|---|
| 1. ப்ரீஸ்கூலில் இன்னொரு வருடம் | குறைவு | முழு உறுதி | ஒரு வருடக் கட்டணம். வரிச் சலுகை உண்டு | தேவையே வராது |
| 2. டிஸ்ட்ரிக்ட் மதிப்பீட்டில் முன்சேர்க்கை | மிக அதிகம் | அந்த டிஸ்ட்ரிக்ட்டில் பொதுவாக உறுதி | தேர்வுக் கட்டணம் சில இடங்களில் பெற்றோர் தலையில் | முதல் சில மாதங்களில் ஓரளவு |
| 3. தனியார் கிண்டர்கார்டன், பிறகு பப்ளிக் | நடுத்தரம் | மாநிலத்தைப் பொறுத்தது. பெரிய ஆபத்து இங்கேதான் | அதிகம். பள்ளிக் கட்டணத்துக்கு வரிச் சலுகை இல்லை | கடினம் |
| 4. அரசு ப்ரீ-கே (கிண்டர்கார்டனுக்கு முந்தைய வருட வகுப்பு) அல்லது டி.கே. (டிரான்சிஷனல் கிண்டர்கார்டன்) | நடுத்தரம் | வழக்கமான வயதில் உறுதி | குறைவு | எளிது |
| 5. பொறுத்திருந்து பின்னால் வகுப்பு தாவல் | இப்போது இல்லை | உறுதி | குறைவு | எளிது |

## வழி 1: ப்ரீஸ்கூலில் இன்னொரு வருடம்

பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுவே நல்லது என்பது எங்கள் கருத்து. டென்மார்க்கில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், பள்ளி தொடங்குவது ஒரு வருடம் தள்ளிப்போன குழந்தைகளுக்கு ஏழு வயதில் கவனச்சிதறலும் துறுதுறுப்பும் வெகுவாகக் குறைந்திருந்தன.

ஆனால் "இன்னொரு வருடம்" என்பது போன வருடத்தின் மறுபதிப்பாக இருந்தால் குழந்தைக்குச் சலிப்புத்தான் மிஞ்சும். அதே அறை, அதே டீச்சர், அதே "இந்த வார எழுத்து" என்றால் பள்ளியை மாற்றுங்கள், அல்லது ஐந்து வயதுக்காரர்களுக்குத் தனி வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் ப்ரீ-கே 5, ஜூனியர் கிண்டர்கார்டன் என்ற பெயர்களில் உண்டு. மாண்டிசோரியில் மூன்று முதல் ஆறு வயதுவரை ஒரே அறை என்பதால் மூன்றாம் வருடத்தில் குழந்தை மூத்தவராக நடந்துகொள்ளும் வாய்ப்பு கிடைக்கும்.

செலவில் ஒரு ஆறுதல் உண்டு. ப்ரீஸ்கூல் கட்டணத்தை வருமான வரித்துறை குழந்தைப் பராமரிப்புச் செலவாக ஏற்கிறது. டிபென்டன்ட் கேர் எஃப்எஸ்ஏ-வில் (பராமரிப்புச் செலவுக்காக வேலையிடம் வழியே சம்பளத்திலிருந்து ஒதுக்கும் கணக்கு) ஒரு குடும்பம் 2025 வரை பொதுவாக 5,000 டாலர் வரை வரியில்லாமல் ஒதுக்கலாம். 2026 முதல் 7,500 டாலர். இதற்கான தேர்வை முந்தைய இலையுதிர்காலத்து ஓப்பன் என்ரோல்மென்டிலேயே (வேலையிடச் சலுகைகளைத் தேர்ந்தெடுக்கும் காலம்) செய்திருக்க வேண்டும். ஜனவரியில் நினைவு வந்தால் வாய்ப்புப் போயிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்துகள் கைக்கு வரும் கடைசி நிதானமான வருடம் இது. கிண்டர்கார்டன் தொடங்கிய பிறகு வீட்டுப் பேச்சிலும் இங்கிலீஷ் வேகமாக நுழைந்துவிடும். உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் படித்துத் தன் பெயரைத் தமிழில் எழுதும் நிலைக்கு ஒரு குழந்தையைக் கொண்டுவர இந்தப் பன்னிரண்டு மாதம் தாராளம்.

பிறந்தநாள் கட்-ஆஃபுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் பிந்தியிருந்தாலோ, பகல் தூக்கம் இன்னும் தேவைப்பட்டாலோ, பேச்சுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தாலோ வேறு வழியைத் தேட வேண்டாம்.

## வழி 2: டிஸ்ட்ரிக்ட் மதிப்பீடு வழியாக முன்சேர்க்கை

வட கரோலினாவை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அங்கே விதி எழுத்தெழுத்தாக இருக்கிறது. அந்த வருடம் ஏப்ரல் 16-க்குள் குழந்தைக்கு நான்கு வயது நிறைந்திருக்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு நடத்திய தனிநபர் நுண்ணறிவுத் தேர்வில் 98-ஆவது பெர்சென்டைல், அதாவது நூறு பேரில் முதல் இரண்டு பேருக்குள். வாசிப்பு அல்லது கணிதத் தேர்விலும் அதே 98. இவற்றோடு குழந்தையின் வேலை மாதிரிகள், உடல், சமூக முதிர்ச்சியைச் சொல்லும் இரண்டு பரிந்துரைக் கடிதங்கள். பள்ளி தொடங்கிய 30 நாட்களுக்குள் முழு விண்ணப்பமும் கொடுக்க வேண்டும். மூன்று வாரத்தில் முதல்வர் முடிவு சொல்வார். சேர்த்த பிறகும், குழந்தை தடுமாறினால் முதல் 90 நாட்களுக்குள் அனுமதியைத் திரும்பப் பெறும் அதிகாரம் அவருக்கு உண்டு.

இல்லினாயில் 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டும் முன்சேர்க்கைக்கு எழுதப்பட்ட கொள்கை வைத்திருக்க வேண்டும். எந்தத் தேர்வு, எவ்வளவு மதிப்பெண் என்பது இடத்துக்கு இடம் மாறும். கனெக்டிகட்டில் பெற்றோர் முதல்வருக்கு எழுத்து மூலம் கோரிக்கை கொடுத்தால் பள்ளியே மதிப்பீடு செய்யும். கலிஃபோர்னியாவில் டிஸ்ட்ரிக்ட் விரும்பினால், கல்வியாண்டின் நடுவில் ஐந்து வயது நிறைந்த பிறகு குழந்தையைத் தனித்தனியாகப் பரிசீலித்துச் சேர்க்கலாம்.

செய்ய வேண்டியதை இந்த வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள்:

1. முந்தைய நவம்பர், டிசம்பரிலேயே டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் முன்சேர்க்கைக் கொள்கையைத் தேடி எடுங்கள். கிஃப்டட், அதாவது தனித்திறன் குழந்தைகளுக்கான பிரிவின் பக்கத்தில் ஒளிந்திருப்பது வழக்கம்.
2. எந்தத் தேர்வு, யார் நடத்தலாம், எந்தத் தேதிக்குப் பிறகு என்று கேளுங்கள். தேதிக்கு முன் எடுத்த தேர்வு செல்லாது, பணமும் போய்விடும். டபிள்யூபிபிஎஸ்ஐ (சின்னக் குழந்தைகளுக்கான நுண்ணறிவுத் தேர்வு) போன்ற தேர்வைக் குறுகிய இடைவெளியில் திரும்ப எடுத்தால் மதிப்பெண்ணை நம்ப முடியாது என்பதால் உடனே மறுமுறை எடுக்க விட மாட்டார்கள்.
3. குழந்தையைக் குறைந்தது ஆறு மாதம் கவனித்த ப்ரீஸ்கூல் டீச்சரிடம் கடிதம் கேளுங்கள். "புத்திசாலிக் குழந்தை" என்ற வரி பயன்படாது. "பொம்மைக்குச் சண்டை வந்தபோது முறை வைத்து விளையாடலாம் என்று தானே சொன்னாள்" என்ற வரி பயன்படும்.
4. தடுப்பூசியைப் பாருங்கள். கிண்டர்கார்டனுக்குக் கேட்கப்படும் டிடிஏபி, போலியோ கடைசித் தவணைகளை நான்காவது பிறந்தநாளுக்குப் பிறகுதான் போட வேண்டும். எம்எம்ஆர், சின்னம்மை இரண்டாம் தவணைகளும் பொதுவாக அதே முறை டாக்டரிடம் போகும்போது முடியும். இளைய குழந்தைக்கு இவை விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம்.

தமிழ்க் குழந்தைகள் சறுக்கும் இடம் மொழி. சோதிப்பவர் குடைப் படத்தைக் காட்டி இது என்ன என்கிறார். குழந்தை உடனே "குடை" என்கிறது. குழந்தைக்குப் பொருள் தெரியும், பெயர் தெரியும், சொல்லவும் தெரியும். ஆனால் இங்கிலீஷ் சொல்வளத் தேர்வில் அது மதிப்பெண் இல்லாத பதில். வீட்டில் முழுக்கத் தமிழ் பேசும் குழந்தைக்குச் சொல் பகுதி மதிப்பெண் உண்மைத் திறனைவிடக் குறைவாகவும், கட்டை அடுக்குவது, வடிவம் பொருத்துவது போன்ற பகுதிகளில் உயரவும் வரலாம். இருமொழிக் குழந்தை என்பதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லி, சொல் சாராத பகுதிக்கு எடை கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். இதற்காக வீட்டுத் தமிழை நிறுத்த வேண்டாம். இரண்டு மாதம் இங்கிலீஷ் பேசி அந்த மதிப்பெண்ணை உயர்த்த முடியாது, ஆனால் குழந்தை தமிழில் பதில் சொல்வதை நிறுத்திவிடக்கூடும்.

பதிவின்போது வரும் வீட்டுமொழிப் படிவத்தில் "தமிழ்" என்று எழுதினால் இடம் போய்விடும் என்ற பயம் சிலருக்கு உண்டு. போகாது. இங்கிலீஷ் திறன் சோதனை ஒன்று வைப்பார்கள். தேவைப்பட்டால் கூடுதல் உதவி கிடைக்கும், அவ்வளவுதான்.

அறிமுகமில்லாதவர் முன்னால் வாயே திறக்காத குழந்தைகளும் உண்டு. தேர்வறையில் முக்கால் மணி நேரம் அம்மா இல்லாமல் உட்காரத் தயங்கும் குழந்தையிடம் மதிப்பெண் கூச்சத்தைத்தான் அளக்கும். அதே கூச்சம் வகுப்பிலும் இருக்கும் என்பதால் அந்த முடிவை முற்றிலும் தவறென்று தள்ளவும் முடியாது.

பிறந்தநாள் கட்-ஆஃபுக்கு ஆறு வாரத்துக்குள், இரண்டு வாரச் சோதனையில் தெம்பாக இருக்கிறது, ப்ரீஸ்கூலில் தன்னைவிட மூத்தவர்களோடுதான் விளையாடுகிறது, டீச்சரும் தானாகவே இதைச் சொல்கிறார் என்றால் இந்த வழியைத் தைரியமாக எடுக்கலாம். இந்த நான்கில் டீச்சரின் சொல்லுக்கு அதிக எடை கொடுங்கள்.

## வழி 3: தனியார் கிண்டர்கார்டன், பிறகு பப்ளிக்கில் முதல் வகுப்பு

தமிழ்ப் பெற்றோர் வட்டத்தில் அதிகம் பரிமாறப்படும் யோசனை இது. "பிரைவேட்ல ஒரு வருஷம் கேஜி போட்டுட்டா பப்ளிக்ல ஃபர்ஸ்ட் கிரேடு எடுத்துத்தானே ஆகணும்?" எடுத்தே ஆக வேண்டும் என்று எல்லா மாநிலத்திலும் இல்லை.

டெக்சாஸில் முதல் வகுப்புக்கு செப்டம்பர் 1-இல் ஆறு வயது வேண்டும். அதற்குக் குறைந்த குழந்தைக்கு, வேறு மாநிலத்தின் பப்ளிக் பள்ளியில் கிண்டர்கார்டன் முடித்திருப்பதோ ஏற்கெனவே முதல் வகுப்பில் சேர்ந்திருப்பதோதான் கை கொடுக்கும். உள்ளூர் தனியார் பள்ளியின் சான்றிதழ் அதே மதிப்பைப் பெறாது. ஜார்ஜியாவிலும் முதல் வகுப்புக்கு செப்டம்பர் 1-இல் ஆறு. விதிவிலக்கு, இரண்டு வருடம் வேறு மாநிலத்தில் வசித்து அங்கே முறைப்படி படித்துவிட்டு வந்த, டிசம்பர் 31-க்குள் வயது நிறையும் குழந்தைக்கு. இல்லினாய் சற்றே நெகிழ்வு: தனியார் ப்ரீஸ்கூலில் படித்து, அதே பள்ளியில் தகுதி பெற்ற ஆசிரியரிடம் கிண்டர்கார்டனும் முடித்து, டிசம்பர் 31-க்குள் ஆறு ஆகும் குழந்தையைப் பள்ளியின் மதிப்பீட்டுக்குப் பிறகு முதல் வகுப்பில் சேர்க்கலாம்.

விதி சாதகமாக இல்லாவிட்டால் என்ன நடக்கும்? ஒரு வருடக் கட்டணம் கட்டி முடித்த பிறகு, குழந்தை பப்ளிக் பள்ளியில் மறுபடி கிண்டர்கார்டனில் உட்காரும். வாசிக்கத் தெரிந்த குழந்தைக்கு இரண்டாம் முறையாக எழுத்து ஒலிகள். பொறுத்திருந்தாலும் இதே இடத்துக்குத்தான் வந்திருக்கும், கூடுதல் சலிப்பு இல்லாமல்.

வரி விஷயத்திலும் அடி விழும். ப்ரீஸ்கூல் வரை பராமரிப்புச் செலவு. கிண்டர்கார்டன் தொடங்கினால் அது கல்விச் செலவு. எனவே தனியார் கிண்டர்கார்டன் கட்டணத்தை எஃப்எஸ்ஏ-விலும் காட்ட முடியாது, குழந்தைப் பராமரிப்பு வரிச்சலுகையிலும் காட்ட முடியாது. பள்ளி நேரத்துக்கு முன்னும் பின்னும் ஆகும் பராமரிப்புக்கு மட்டும் சலுகை தொடரும். அந்தத் தொகையைப் பள்ளி ரசீதில் தனியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். ஒரே கட்டடம், ஒரே டேகேர், அடுத்த அறை. பெயர்ப்பலகையில் "கிண்டர்கார்டன்" என்று மாறியதும் சலுகை போய்விடுகிறது என்பதைப் பலர் வரிப் படிவம் நிரப்பும்போதுதான் அறிகிறார்கள்.

ஐந்தாம் வகுப்புவரையோ எட்டாம் வகுப்புவரையோ அதே தனியார் பள்ளியில் தொடரும் எண்ணம் இருந்தால் இந்த வழி நன்றாகவே வேலை செய்யும். நடுவில் பப்ளிக்குக்கு மாறும்போது பல வகுப்புகளின் மார்க் ஷீட் கையில் இருக்கும், வயதுப் பேச்சு அடங்கியிருக்கும். ஒரு வருடத்துக்கு மட்டும் என்றால், டிஸ்ட்ரிக்ட்டிடமிருந்து எழுத்தில் பதில் வராமல் முன்பணம் கட்டாதீர்கள்.

## வழி 4: அரசு ப்ரீ-கே, டி.கே.

கட்-ஆஃபைத் தவறவிட்ட குழந்தைக்கென்றே ஏற்பட்டது போன்ற வழி இது. கலிஃபோர்னியாவின் டிரான்சிஷனல் கிண்டர்கார்டன் அப்படித்தான் பிறந்தது. 2010-இல் வந்த சட்டம் கட்-ஆஃபை டிசம்பர் 2-இலிருந்து படிப்படியாக செப்டம்பர் 1-க்கு நகர்த்தியபோது, இடையில் விழுந்த இலையுதிர்காலக் குழந்தைகளுக்காக டி.கே. தொடங்கப்பட்டது. 2025-26 முதல் செப்டம்பர் 1-க்குள் நான்கு நிறையும் எல்லாக் குழந்தைக்கும் திறந்துவிட்டது. பத்துக் குழந்தைக்கு ஒரு பெரியவர் என்பது விதி.

ஜார்ஜியாவில் லாட்டரி வருமானத்தில் நடக்கும் ப்ரீ-கே நாளுக்கு ஆறரை மணி நேரம், 180 நாள். கட்டணம் இல்லை, ஆனால் பல இடங்களில் இடம் குலுக்கலில். ஃபுளோரிடாவின் ப்ரீ-கே திட்டமான விபிகே கல்வியாண்டில் 540 மணி நேரம் இலவசம். 180 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு மூன்று மணி நேரம்தான். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் மீதி நேரத்துக்குக் கட்டணம் உண்டு என்பதை மனதில் வையுங்கள்.

உங்கள் ஊரில் இது இருந்தால், வழி 2-இன் தேர்வுக்கு ஓடும் முன் இதைப் பாருங்கள். பெரிய பள்ளியின் பழக்கம் கிடைக்கும், தோழர்கள் ஏறத்தாழ ஒரே வயதில் இருப்பார்கள், பணமும் மிஞ்சும்.

## வழி 5: பொறுத்திருந்து பிறகு தாவுவது

நாலரை வயதில் எடுக்கும் முடிவை ஏழு வயதுக்குத் தள்ளி வைப்பது. இரண்டாம் வகுப்பில் நான்காம் வகுப்புக் கணக்கைப் போடும் குழந்தை அப்போது ஒரு வகுப்பு தாவலாம், அல்லது கணக்குக்கு மட்டும் மேல்வகுப்புக்குப் போய்வரலாம். அயோவா ஆக்சலரேஷன் ஸ்கேல் போன்ற வழிகாட்டிகள் கிண்டர்கார்டன் முதல் எட்டாம் வகுப்புவரை இதற்கென்றே உள்ளன. கையில் இரண்டு வருட மதிப்பெண் இருக்கும். குழந்தையையே கேட்கவும் முடியும், "உனக்குப் போக விருப்பமா?" என்ற கேள்விக்கு நாலு வயதில் கிடைக்காத பதில் ஏழு வயதில் கிடைக்கும்.

குறை என்னவென்றால், பல பள்ளிகள் வகுப்பு தாவலுக்கு எளிதில் இணங்குவதில்லை. டிஸ்ட்ரிக்ட்டுக்கு எழுதப்பட்ட கொள்கை இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிட்டு இந்த வழியை நம்புங்கள்.

## விசா, கல்லூரி, ஊர் திரும்பல்

ஹெச்-4-இல் (ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைவர், பிள்ளைகளுக்கான விசா) இருக்கும் குடும்பங்கள் இந்த முடிவில் 21 வயதுக் கணக்கையும் போடுகின்றன, அந்த வயதில் பிள்ளையின் ஹெச்-4 முடிந்துவிடும் என்பதால். 2021 அக்டோபரில் பிறந்த குழந்தையை எடுத்துக்கொள்வோம். முன்கூட்டியே 2026-இல் கிண்டர்கார்டன் சேர்ந்தால் 2039-இல் பள்ளி முடிப்பு. 2042 அக்டோபரில் 21 நிறையும்போது கல்லூரியின் நான்காம் ஆண்டு தொடக்கம். வழக்கப்படி 2027-இல் சேர்ந்தால் அதே நாளில் மூன்றாம் ஆண்டு தொடக்கம். ஒரு வருட வித்தியாசம் உண்மைதான். ஆனால் இரண்டு கணக்கிலும் பட்டம் முடியும் முன்பே ஹெச்-4 முடிந்துவிடுகிறது, அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் எஃப்-1 மாணவர் விசாவுக்கோ வேறு விசாவுக்கோ மாற வேண்டியிருக்கும். பதினாறு வருடத்துக்கு அப்பால் இருக்கும் குடியேற்ற விதிக்காக நாலரை வயதுக் குழந்தையை நெருக்க வேண்டாம்.

முன்கூட்டிச் சேரும் அக்டோபர்க் குழந்தை கல்லூரி போகும்போது 17. முதல் சில வாரங்களில் மருத்துவ ஒப்புதல், வாடகை ஒப்பந்தம் போன்றவற்றுக்குப் பெற்றோர் கையெழுத்து தேவைப்படும். சமாளிக்கக்கூடியதுதான்.

ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் கேந்திரிய வித்யாலயா விதியைப் பாருங்கள்: ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31-இல் ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும். மேலே சொன்ன அதே குழந்தை 2027 ஜூனில் இங்கே கிண்டர்கார்டன் முடித்துத் திரும்பினாலும், 2028 மார்ச் வரை அங்கே ஒன்றாம் வகுப்புக்கு வயது வராது. மிச்சம் பிடித்த வருடம் விமான நிலையத்திலேயே கரைந்துவிடும்.

## மாநிலம் மாறப்போகிறவர்களுக்கு

வேலை மாற்றத்தால் நியூயார்க்கிலிருந்து டெக்சாஸுக்கோ ஜார்ஜியாவுக்கோ போகும் குடும்பங்கள் உண்டு. டிசம்பரில் பிறந்த குழந்தை நியூயார்க் பப்ளிக் பள்ளியில் முறைப்படி கிண்டர்கார்டனை முடித்துவிட்டுப் போனால் மேலே சொன்ன விதிவிலக்குகள் பொருந்தக்கூடும். நடுவில், நவம்பரில் போனால் "முடித்தது" என்று காட்ட ஒன்றுமில்லை. தேதி உங்கள் கையில் இருந்தால் ஜூன்வரை தள்ளிப்போடுங்கள்.

## டிஸ்ட்ரிக்ட்டுக்கு அனுப்ப வேண்டிய மின்னஞ்சல்

தொலைபேசியில் கேட்டால் எடுத்தவர் தெரிந்ததைச் சொல்வார். பதிவு அலுவலகத்துக்கு மின்னஞ்சலில், பிறந்த தேதியோடு, இந்த நான்கையும் கேளுங்கள்:

- கட்-ஆஃபுக்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு முன்சேர்க்கை உண்டா? விண்ணப்பக் கடைசித் தேதி எது?
- மதிப்பீடு உண்டென்றால் எந்தத் தேர்வு, எவ்வளவு மதிப்பெண், செலவு யாருடையது?
- தனியார் பள்ளியில் கிண்டர்கார்டன் முடித்து, ஆறு வயது நிறையாமல் வரும் குழந்தையை முதல் வகுப்பில் சேர்ப்பீர்களா? அந்தத் தனியார் பள்ளிக்கு என்ன அங்கீகாரம் இருக்க வேண்டும்?
- முன்சேர்க்கை பெற்ற குழந்தை டிஸ்ட்ரிக்ட்டுக்குள் வேறு பள்ளிக்கு மாறினால் அதே வகுப்பில் தொடருமா?

பதிலை அச்சிட்டுத் தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழோடு ஒரே ஃபைலில் வையுங்கள். ஒன்றரை வருடம் கழித்து முதல் வகுப்புப் பதிவுக்குப் போகும்போது அலுவலகத்தில் வேறு ஆள் இருக்கலாம். அப்போது காட்டுவதற்கு அந்தத் தாள் வேண்டும்.